திருஷ்டிப் பழம்

ஸ்கூட்டரின் ஹெட்லைட்டைக் கழற்றியதுமே மெக்கானிக் தவசிக்குக் கோளாறு பிடிபட்டுவிட்டது. திருஷ்டிக்காக வெள்ளிக்கு வெள்ளி மேலே கட்டிய எலுமிச்சம்பழங்களின் சாறு வயரோடு வழிந்து உள்ளே இறங்கி, கனெக்டரைப் பச்சை பூக்க அரித்திருந்தது. பொன்னுத்தாயின் மகன் இருட்டில் விளக்கு அணைந்து, பாலத்திலிருந்து விழுந்து செத்தது இதனால்தான்.

“என்ன கோளாறுப்பா?” என்றாள் பக்கத்தில் நின்ற பொன்னுத்தாய்.

“வயரு பழசுக்கா, அதான்.” கனெக்டரை மாற்றினான். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

“வயர் என்னப்பா செய்யும்? அந்த வெள்ளிக்கிழமை பழம் மாத்த மறந்துட்டேன். அதான் புள்ளையக் கொண்டுபோயிருச்சு. நாளைலேருந்து சின்ன மக இதுலதான் வேலைக்குப் போறா.”

முந்தானை முடிச்சை அவிழ்த்து எலுமிச்சம்பழங்களை நீட்டினாள்.

“உன் கையாலயே இறுக்கிக் கட்டிவிடு தம்பி. இந்தத் தடவை ரெண்டாக் கட்டிரு.”