ஆடி மாத ஆதாரம்

சித்தூரில் இருக்கும் காவ்யாவுக்கு பி.ஆர். என்னும் நிரந்தர வசிப்புரிமை கேட்டு, கனடாவிலிருந்து கணவன் சீனு போட்ட மனுவுக்குப் பதில் வந்திருந்தது.

"கல்யாணமான மறுவாரமே ஆளுக்கொரு ஊரில் இருந்திருக்கிறீர்கள். சேர்ந்து வாழ்ந்ததற்கு ஆதாரம் அனுப்பவும்."

காவ்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எல்லாம் உங்களாலதான் அத்தே! அவரு லீவுல இருந்த மாசம் முழுக்க, ஆடின்னு சொல்லி என்னைப் புத்தூர்ல எங்கம்மா வீட்டுக்குத் தொரத்தினீங்களே!"

மாமியார் செங்கம்மா பீரோவைத் திறந்து, கசங்கிய ரசீது ஒன்றை நீட்டினாள்.

திருப்பதி மலையடிவாரத்து அலிபிரி லாட்ஜ் ரசீது. தேதி நட்டநடு ஆடி. இருவர் பெயரும் அதில் இருந்தன. அதைக் கிழித்துப் போட்டுவிட்டதாகச் சீனு காவ்யாவிடம் சத்தியம் செய்திருந்தான்.

"துணி தொவைக்கசொல்ல அவன் பாக்கெட்டுல கெடச்சுது," என்றாள் செங்கம்மா. "ஊருல ஒருத்தருக்கும் சொல்லாத. அந்த ஆபீசருக்கு மட்டும் அனுப்பு."