பதினோராவது கேள்வி

பூருல் அக்கா தேநீர்க் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பி என் முன்னால் வைத்தார்.

எங்கள் அட்-பாஷி மலையூரில் விருந்தாளிக்கு யாரும் அப்படி ஊற்றுவதில்லை. அரைக் கிண்ணம் ஊற்றினால், இன்னும் இருங்கள், மறுபடி ஊற்றுகிறேன் என்று அர்த்தம். நிறைத்து வைத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

எசெனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என்ன அண்ணி இது? கடன் ஆபீசர் வீடு தேடி வந்திருக்காரு."

"கை தவறல மாப்பிள்ளை. தெரிஞ்சுதான் ஊத்தினேன்."

எசெனின் மனைவி சாய்கல் இறந்து வருகிற மாதத்தோடு ஒரு வருடம். பூருல் அவளுடைய அக்கா; அவள் போனதிலிருந்து இந்த வீட்டைப் பார்த்துக்கொள்பவர். ஆண்டு விருந்துக்குக் குதிரை வெட்ட வேண்டும், ஊரையே கூப்பிட வேண்டும். அதற்குத்தான் எசென் இரண்டாவது கடன் கேட்கிறான். முதல் கடனே இன்னும் தீரவில்லை.

என் மடியில் படிவம். வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், எத்தனை ஆடு, யார் சம்பாதிக்கிறார்கள், குளிர்காலத்துக்கு எவ்வளவு நிலக்கரி. கடனைத் தாங்குவார்களா என்று பார்ப்பதுதான் என் வேலை. தாங்க மாட்டார்கள் என்று தெரிந்தால், கெஞ்சிக் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. விதிமுறையில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

பதினோராவது கேள்வியை மனைவியிடம் கேட்க வேண்டும், அதுவும் கணவன் இல்லாத இடத்தில்; மனைவி இல்லையென்றால் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம். இந்தக் கடன் உங்களுக்குச் சம்மதமா?

இரண்டு வருடம் முன்பு இதே விரிப்பில்தான் உட்கார்ந்திருந்தேன். எசெனுக்கு அப்போது வேன் வாங்கும் ஆசை. சாய்கலைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசச் சோம்பல்பட்டு, அவனை வைத்துக்கொண்டே கேட்டேன். அவள் வாயைத் திறக்கவில்லை. தேநீர் ஊற்றினாள்.

கிண்ணம் நிறைந்து வழிந்து விரிப்பு நனைந்தது. பாவம், காலையிலிருந்து பால் கறந்து களைத்த கை, தவறியிருக்கும். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

வேன் மூன்றாம் மாதமே படுத்துவிட்டது. தவணை படுக்கவில்லை. சாய்கல் மாஸ்கோவுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். எட்டாவது மாடியில் ஜன்னல் துடைக்கும்போது விழுந்துவிட்டாள்.

அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் கிண்ணத்துக்குத்தான் போகிறது. என் மனைவி ஊற்றும்போதுகூட, போதும் போதும் என்று கையை நீட்டித் தடுத்துவிடுகிறேன். ஏன் இப்படிப் பதறுகிறீர்கள் என்று அவள் கேட்பதையே விட்டுவிட்டாள்.

இன்று தடுக்க மறந்துவிட்டேன்.

எசெனைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போனான். கதவு சாத்தியதும் கேட்டேன்.

"அக்கா, இந்தக் கடன் வேண்டாம்னு சொல்றீங்களா?"

"அதை வேற வாயைத் திறந்து சொல்லணுமா தம்பி? செத்தவ பேரைச் சொல்லி இருக்கிறவன் கழுத்துல இன்னொரு கயிறா?"

படிவத்தின் குறுக்கே கோடு போட்டேன். பேனா தாளைக் கிழித்துவிட்டது.

பூருல் அக்கா அதைப் பார்த்தார். பிறகு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வது போலச் சொன்னார்.

"நீங்க அன்னைக்கு வந்துட்டுப் போனதும் தங்கச்சி எனக்கு போன் பண்ணினா. 'புருஷன் முன்னால வேண்டாம்னு சொல்ல முடியலக்கா, அதான் கிண்ணத்தை நிறைச்சு வெச்சுட்டேன். ஆபீசர் நம்ம ஊர்க்காரர்தானே, அவருக்குப் புரிஞ்சிருக்கும்'னா. நிம்மதியாத்தான் பேசினா."

தேநீரில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

"உங்களுக்கு அப்போ புரியலதானே தம்பி?"

குரலில் கோபமே இல்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே மன்னித்திருப்பார்.

கிண்ணத்தை எடுத்து ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அன்றும் இப்படித்தான், தெரிந்தே குடித்தேன்.

அன்று மாதக் கடைசி. என் இலக்குக்கு ஒரே ஒரு கையெழுத்துதான் குறைவாக இருந்தது.