நெஞ்சுப் பட்டை

பத்ருன்னிசாவின் இதயம் நன்றாக இருந்தால் மாப்பிள்ளைக்குக் கைக்கூலி, அதாவது வரதட்சணை, மூவாயிரம் ரூபாய். பழுது என்றால் முப்பதாயிரம் கொடுத்தாலும் வேண்டாம்.

மாப்பிள்ளையின் தகப்பனார் மீரா சாகிப் சொன்ன விலை. நாலாயிரத்தில் தொடங்கி, துண்டுக்கடியில் விரல் பிடித்து, மூவாயிரத்தில் படிந்தது. சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர். பிரித்துப் பார்க்காமல் எந்தத் துணிப் பேலையும் இறக்கிப் பழக்கமில்லை.

பெண்ணுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள்.

அது கோஷா வீடு; பெண்கள் திரைக்கு உள்ளேதான். டாக்டர் லூர்துநாதன் உள்ளே போய் நெஞ்சில் குழல் வைக்க முடியாது. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் மட்டும் ஏதாவது கேட்டுச் சொன்னால், மீரா சாகிப் ஏற்கிற ஆள் இல்லை.

"டாக்டரு உங்க ஊரு காரைக்காலு, ஃபீசு உங்க பணம். நானும் என் காதால கேக்கணும்ல?"

அப்படித்தான் பெண்ணின் தகப்பனார், அரிசி மண்டி கமாலுதீன், என் ரேடியோ கடைக்கு வந்து சேர்ந்தார்.

ஆறு வாரம் பிடித்தது. யுத்த விமானக்காரர்கள் தொண்டையில் கட்டிக்கொண்டு பேசிய மைக் ஒன்று சென்னை மூர் மார்க்கெட்டில் கிடைத்தது. அதை அப்படியே நெஞ்சில் கட்டினால் துணி உரசுவதுகூடப் புயலாகக் கேட்டது. சுற்றிலும் தக்கை வளையம் வைத்து, வெல்வெட் ஒட்டி, மல் துணியில் பட்டையாகத் தைத்தேன். இதயத்தின் சத்தம் கனத்த சத்தம். ரேடியோவின் ஸ்பீக்கரில் ஏறாது. டூரிங் டாக்கீஸ்காரரிடம் பெரிய ஸ்பீக்கரை இரவல் வாங்கினேன்.

என் நெஞ்சில் கட்டிச் சோதித்துப் பார்த்த பிறகு, இரண்டு நாள் நான் பீடியைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். திரைக்குக் கீழே பட்டையை நீட்டினேன். வளையல் போட்ட கை ஒன்று வாங்கிக்கொண்டது. உள்ளே கொஞ்ச நேரம் கிசுகிசுப்பு.

பிறகு கூடம் முழுக்கத் துடித்தது.

மீரா சாகிப் சர்பத்தைக் கீழே வைத்தார். "குதிர வண்டி மாதிரில்ல ஓடுது. நல்லதா கெட்டதா?"

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துடிப்பு ஓடியது, தடுக்கியது, மறுபடி ஓடியது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் மெல்லிய சீறல். கோளாறு என் பெட்டியில்தான் என்று நினைத்து, இருந்த திருகுகளையெல்லாம் திருகினேன்.

"விடுங்க, மெஷினு சரியாத்தான் இருக்கு," என்றார் டாக்டர்.

கமாலுதீனையும் மீரா சாகிப்பையும் பக்கத்தில் அழைத்தார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். கல்யாணம் பேசுகிற இதயம் இல்லை இது. ஒரு வருஷம் தாங்கினால் பெரிது.

திரை மெல்லிய திரை. அடுத்த நொடி ஸ்பீக்கரில் துடிப்பு தறிகெட்டு ஓடியது.

மீரா சாகிப் எழுந்தார். "அல்லா ஷிபா குடுக்கட்டும், குணமாகட்டும்," என்றார். மிச்சமிருந்த சர்பத்தை மறக்காமல் குடித்தார். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்தார். "பொண்ணு பேரு, வயசு சொல்லுங்க பாய்."

கமாலுதீன் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

திரைக்கு உள்ளிருந்து ஓர் இளங்குரல் வந்தது.

"வாப்பா, உம்மா பேரப் போடச் சொல்லுங்க. கட்டியிருக்கிறது உம்மாதான்."

கமாலுதீன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்து நடந்த ஏற்பாடுதான். மூட்டையின் வாயில் நல்ல அரிசியை வைத்தே நாற்பது வருஷம் விற்றவர்.

"நாலு புள்ள பெத்தவ டாக்டரு," என்றார். "ஒரு நாளு தலவலின்னு படுத்ததில்ல. அவ சத்தம் நல்லா இருக்கும்னு..."

டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. பட்டையைப் பெண்ணின் நெஞ்சில் மாற்றிக் கட்டச் சொன்னார்.

இரண்டாவது இதயம் கேட்டது. டாக்டர் ஒரு நிமிடம் எண்ணினார். நம்பாமல் இன்னொரு நிமிடம் எண்ணினார்.

"இதுல ஒரு குறையும் இல்ல பாய். புள்ளைக்கு ரத்தம் கம்மி, அதான் மூச்சு வாங்குது. ஆட்டு ஈரல் வாங்கிக் குடுங்க, மூணு மாசத்துல சரியாயிடும்."

கமாலுதீன் வாசலுக்கு ஓடினார். செருப்பில் ஒரு காலை நுழைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மீரா சாகிப்பை மறித்து என்ன சொல்வது? முதலில் கேட்டது வேறு சரக்கு என்றா? அதற்குப் பிறகு காட்டுகிற எந்த இதயத்தை அவர் நம்புவார்?

காலை உருவிக்கொண்டு திரும்பி வந்தார்.

அப்போதுதான் பெண்ணின் தாய் ஷரீபுன்னிசா முதல் தடவையாகத் திரைக்குள்ளிருந்து பேசினார். குரலில் சந்தோஷம் இருந்தது.

"டாக்டரு என்னா சொன்னாரு? புள்ளைக்கு ஒண்ணும் இல்லியாமா? இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்களேன்."

யாரும் திரையைப் பார்க்கவில்லை. அந்த அம்மாளின் இதயம் அப்போது எப்படித் துடித்தது என்று எங்களுக்குத் தெரியாது. பட்டை மகளிடம் இருந்தது.

டாக்டர் சீட்டில் இரண்டு வரி எழுதினார்.

மகள்: நிமிடத்துக்கு எழுபத்தாறு துடிப்பு, ஒன்றும் தவறவில்லை.

தாய்: நூற்றுப் பதினெட்டு, ஐந்துக்கு ஒன்று தவறுகிறது.