உயர்த்திய கை

சென்ற கூட்டத்தில் எதிர்த்துப் பேசிய மருத்துவரின் நாற்காலியை அகற்றிவிட்டு, இடைவெளி தெரியாதபடி மற்றவற்றை நெருக்கிப் போட்டிருந்தார்கள். குழந்தைகளுக்கான தொண்டை அடைப்பான் தடுப்பூசியை நிறுத்தலாமா என்று வல்லுநர் குழு அன்று முடிவு செய்யவேண்டும்.

“இந்த நோயை இங்க யாராச்சும் கண்ணால பாத்திருக்கீங்களா?” என்று தலைவர் சிரித்தார்.

டாக்டர் மங்கையர்க்கரசி மட்டும் கையை உயர்த்தினார். மூச்சுக்குத் தவித்து நீலம் பாரித்த ஒரு சிறுமியின் முகம் அவர் கண்முன் நின்றது.

“அதெல்லாம் உங்க காலத்துக் கதை, மேடம். சரி, நிறுத்தலாம்ங்கறவங்க கை தூக்குங்க.”

மளமளவென்று கைகள் உயர்ந்தன. தாம் மட்டும் தாழ்த்தினால் அத்தனை கண்களும் தம்மீது திரும்புமே என்று அஞ்சி, அவர் உயர்த்திய கையை அப்படியே வைத்திருந்தார்.

“பேஷ்! ஒருமனதா முடிஞ்சுது.”

எல்லாக் கைகளும் இறங்கின. அவருடைய கை மட்டும் இறங்கவில்லை.

தலைவரின் சிரிப்பு நின்றது. “இன்னும் என்ன, மேடம்?”