மூன்றாம் முறை அளந்தபோது

அளவு நாடாவின் முனையை அவன் நீட்டுவதற்குள் அவளே வாங்கிக்கொண்டாள்.

மழை அறுத்துப் பள்ளமாக்கிப் போட்ட சாலையின் விளிம்பில் குந்தி, அதைக் கல்லோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள்.

ஒன்றிய அலுவலகத்தின் இளநிலைப் பொறியாளர் அவன். பழுதுபார்ப்புக்கு மதிப்பீடு எடுக்க இந்த மலைக்கு வருவது இது மூன்றாவது ஆண்டு. மூன்று ஆண்டும் மறுமுனையைப் பிடித்தது வேடியம்மாதான்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் காடு. காட்டுக்குள் நான்கு கிலோமீட்டர் தள்ளி அவளுடைய ஊர்.

அவள் கணவனுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். போர்வையில் தூளி கட்டி நான்கு பேர் இந்த இடம்வரை சுமந்து வருகிறார்கள். ஜீப் இந்தப் பள்ளத்தைத் தாண்டுவதில்லை.

காலையில் வந்த சுற்றறிக்கை அவன் சட்டைப்பையில் இருந்தது.

காட்டுச்சாலைப் பராமரிப்புக்கு இந்த ஆண்டும் நிதி ஒதுக்கீடு இல்லை. மதிப்பீடு மட்டும் அனுப்பவும்.

சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருந்தான்.

"இந்த வாட்டி கெட்டியா புடிச்சிருக்கேன் சார்," என்றாள். "போன வருசம் காத்துல முனை நவுந்துடுச்சி. உங்ககிட்ட சொல்லாம வுட்டுட்டேன்."

அவனுக்குச் சட்டென்று புரியவில்லை.

புரிந்ததும் எழுதுவதை நிறுத்தினான்.

முனை நகர்ந்ததால்தான் பணம் வரவில்லை என்று ஓர் ஆண்டாக மனத்தில் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு முறை தூளி கிளம்பும்போதும்.

"அளவெல்லாம் சரியாத்தான் இருந்துச்சும்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப எதுக்கு சார் மறுபடியும் அளக்கறோம்?"

கை சட்டைப்பைக்குப் போனது. காகிதத்தைத் தொட்டது. வெறுமையாகத் திரும்பியது.

பள்ளத்தைப் பார்த்தான். போன ஆண்டு நான்கு மீட்டர் அகலம். இப்போது ஏழு.

"பள்ளம் பெருசாயிடுச்சு," என்றான்.

பொய் இல்லை.

அவள் முகம் தெளிந்தது.

"அப்படின்னா இந்த வருசம் குடுத்துருவாங்க."

அவன் ஏழு என்று எழுதிக்கொண்டான்.

ஆழம் பார்க்க வேண்டியிருந்தது. அவன் சொல்வதற்கு முன்பே அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நாடாவோடு பள்ளத்தில் இறங்கினாள். அடியில் ஈர மண். முனையை அங்கே வைத்தாள்.

ஒரு முறை மேலே பார்த்தாள்.

பிறகு இடது கையால் மண்ணை வேகவேகமாகத் தோண்டி, முனையை இன்னும் சற்றுக் கீழே வைத்துப் பிடித்தாள்.