வாசலுக்கு ஒரு விளக்கு

மெர்சிங் சாலையில் டவுன் எல்லைக் கல்லுக்கு அப்பால் தெருவிளக்கு கிடையாது, சட்டம் அப்படி. அந்த இருட்டில் பாம்பை மிதித்துச் செத்தவன் சீரங்காயியின் புருஷன். மூன்று வருஷமாக அவள் விளக்குக் கேட்டு மனுப் போட்டாள்.

ஒரு காலையில் டவுன் ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ஞானப்பிரகாசம் வந்தார்.

"ஆர்டர் வந்துடுச்சும்மா. எல்லைக் கல்லை உன் குடிசைக்கு அந்தப் பக்கம் தள்ளி நட்டாச்சு. அடுத்த வாரம் விளக்குக் கம்பம் வருது."

சீரங்காயி கும்பிட்டாள். "வாசல்லயே நடச் சொல்லுங்கய்யா."

"நட்டுடலாம். இந்தக் காகிதத்துல கைநாட்டு வை."

"இது என்னங்கய்யா?"

"எல்லைக்குள்ள அத்தாப்பு ஓலைக் கூரை இருக்கக் கூடாது. அதுவும் சட்டம். கம்பம் வர்றதுக்குள்ள குடிசையைப் பிரிச்சுடு."

"நான் எங்கய்யா போறது?"

"கல்லுக்கு அந்தப் பக்கம் போட்டுக்க. வெளிச்சம் வேணும்னா இன்னொரு மனு எழுதலாம்."