தளரத் தெரியாத இதயம்

“மாப்ளே, தலையணையை ஆட்டாம ஏறுங்க. பஞ்சு கலைஞ்சுடும்!”

இரண்டாவது மாடியில் டாக்டரின் அறை வாசலில் நின்று அதிகாரம் பண்ணினார் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். கீழே இரண்டு தலையணை, ஃபிளாஸ்க், மடக்கு நாற்காலி சகிதம், வீடு காலி செய்கிறவர் போல ஏறிக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை.

ஒரு மாதமாக ஹெட்மாஸ்டருக்கு ராஜபோகம். ‘நாள்பட்ட பிரஷரால் இதயச் சுவர் தடித்துவிட்டது; சுருங்குகிறது, தளர மறுக்கிறது’ என்று ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்த அன்றே, பழைய பள்ளிக்கூட மணியைப் பரணிலிருந்து இறக்கிக் கட்டிலோரம் மாட்டிவிட்டார். ஒரு தட்டு தட்டினால் காபி. இரண்டு தட்டினால் மின்விசிறி. மூன்று தட்டினால் மாப்பிள்ளையே நேரில் ஆஜராக வேண்டும்.

“என் இதயம் தளரணும்னா, நீங்கள்லாம் தளராம உழைக்கணும்!” என்பார்.

இன்றைக்குத்தான் டாக்டரின் முதல் தரிசனம். ‘ஒன்றுமில்லை, போங்க’ என்று மனிதர் சொல்லிவிட்டால் மணி போய்விடுமே! அது ஒன்றுதான் ஹெட்மாஸ்டரின் கவலை.

மேலே வந்து சேர்ந்த மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன மாப்ளே, ரெண்டு மாடிக்கே இப்படி இரைக்குது? எனக்கே இரைக்கல!”

“சு… சுமை, மாமா.”

“சுமையாம்! ஒரு ஸ்கேனுக்கு இன்னொண்ணு இலவசம்னதும் நெஞ்சைக் காட்டிட்டுப் படுத்தீங்களே. ஒண்ணுமில்லைன்னுதானே வந்துது?”

உள்ளே போனதும் தலையணையில் சாய்ந்து, கேட்காமலே முனகினார் ஹெட்மாஸ்டர்.

“பிரஷரோட மல்லுக்கட்டி மல்லுக்கட்டி இதயம் இறுகிடும், சார்” என்றார் டாக்டர். “அப்புறம் ரத்தத்தை உள்ள வாங்க நெகிழ்ந்து கொடுக்காது. மாடி ஏறினா மூச்சு வாங்கும். வாங்குதா?”

“பயங்கரமா! அந்த மணி இருக்கறதாலதான் உயிரோட இருக்கேன், டாக்டர்” என்று மணியின் மகிமையை மூன்று தட்டு வரை விளக்கினார்.

டாக்டர் ரிப்போர்ட்டின் மேல் மூலையை உற்றுப் பார்த்தார். எழுந்து போய், பிரஷர் பட்டையை மாப்பிள்ளையின் கையில் சுற்றினார்.

“டாக்டர், நோயாளி இங்க இருக்கேன்!”

காற்று இறங்கியதும் டாக்டர் அளவைக் குறித்துக்கொண்டார். பிறகு திரும்பினார்.

“பேப்பர் திருத்தறதுக்கு முன்னாடி யார் பேர் போட்டிருக்குன்னு பார்க்க மாட்டீங்களா, சார்?”

“ஏன்?”

“மணியைக் கழட்டி உங்க மாப்பிள்ளை கட்டில்ல மாட்டுங்க!”